பீரியட் மணி இல்லாத வீடு: ஆசிரியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி தனியார் பள்ளி ஆசிரியைகளுடையவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போடுகிறேன்.

அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக: நான் திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 23 வருடம் கணக்கு டீச்சர். வீடு ஸ்ரீரங்கம். 2022 மே மாதத்தோடு நின்றேன். இப்போது பகலில் கணக்குப் பாடங்களைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன், மற்றவர்கள் மொழிபெயர்த்ததைச் சரிபார்க்கிறேன். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

தனியார் பள்ளியில் 14 வருடம் ஆகிவிட்டது. தினமும் ஆறு பீரியட் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. இந்த மே மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அவசரப்படுகிறேனா? (கரூர்)

விடலாமா கூடாதா என்பதை நான் சொல்ல முடியாது டீச்சர். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், கடிதம் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்குச் சேர வேண்டியதை எல்லாம் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் செய்யாமல் விட்டேன்.

வேலையில் சேர்ந்தபோது என் பட்டச் சான்றிதழையும் பி.எட். சான்றிதழையும் அசலாகவே அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்போது எல்லோரும் கொடுத்தோம், நானும் கொடுத்தேன். நின்ற பிறகு அவற்றைத் திரும்ப வாங்க ஏழு வாரம் அலைந்தேன். ஒருநாள் பீரோ சாவி இல்லை என்பார்கள், ஒருநாள் கிளார்க் லீவு. உங்களுடையதும் பள்ளியில் இருந்தால், வேலையில் இருக்கும்போதே ஏதாவது ஒரு தேவையைச் சொல்லி வாங்கிவிடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

அடுத்தது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. பல வருடம் உழைத்து நிற்கிறவருக்குப் பள்ளி மொத்தமாகத் தர வேண்டிய தொகை. ‘டீச்சர்களுக்கு அது கிடையாதே’ என்று இன்றும் ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2009-இல் சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். அதுவும் 3-4-1997 முதலே செல்லும்படி திருத்தினார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற பள்ளியில் தொடர்ந்து ஐந்து வருடம் முடித்திருந்தால் நீங்கள் கேட்கலாம்.

கணக்கு சுலபம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் அடிப்படையும் படியும் சேர்ந்து 18,000 என்று வைத்துக்கொண்டால், 14 வருடத்துக்கு ஏறத்தாழ 1,45,385 ரூபாய் வரும். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். என்னோடு நின்ற இரண்டு பேர் கேட்கவே இல்லை. ‘போகும்போது மனக்கசப்பு வேண்டாம்’ என்றார்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் உழைத்த காசை இப்படி விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பி.எஃப். விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப். கணக்கில் ஒற்றை எழுத்து இருக்கும், பான் கார்டில் கணவர் பெயர் இருக்கும். இது மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் பணம் எடுக்க முடியாமல் நிற்கும். வேலையில் இருக்கும்போது திருத்துவது எளிது, ஏனென்றால் சில திருத்தங்களுக்குப் பள்ளியின் ஒப்புதல் வேண்டியிருக்கும். நீங்கள் நின்ற தேதியைப் பள்ளி பதிவு செய்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் செய்யாவிட்டால், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே பி.எஃப். தளத்தில் பதிவு செய்யலாம். பி.எஃப். பிடித்தே பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் உங்களுக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. சிறு தொகையாக இருக்கும். இருந்தாலும் அது உங்களுடையது.

நான் வேலை செய்கிறேன் என்பதையே வீட்டில் யாரும் நம்பவில்லை. ‘வீட்ல தானே இருக்கே’ என்று எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது? (மதுரை)

இதே கேள்வியை 11 பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளிக்குப் போன 23 வருடத்தில் கேஸ் சிலிண்டருக்கு நான் ஒருநாள்கூடக் கதவு திறந்ததில்லை. எதிர்வீட்டு மாமி வாங்கி வைப்பார். நான் நின்ற அடுத்த வாரத்திலிருந்து தெருவில் நாலு வீட்டுப் பார்சல் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. ‘டீச்சர் வீட்லதான் இருக்காங்க, கொடுத்துட்டுப் போங்க.’ நாத்தனார் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு கடைக்குப் போவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புடவை கட்டி, பையை மாட்டிக்கொண்டு, 7.40 பஸ்ஸுக்கு ஓடுகிறவளைப் பார்த்தால் வேலைக்குப் போகிறாள் என்று தெரியும். நைட்டியோடு உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்க்கிறவள் என்ன செய்கிறாள் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள். மத்தியானம் 2 மணிக்குள் 40 கணக்குகளை முடித்து அனுப்ப வேண்டும். என் மாமியாருக்கு அப்போது 78 வயது. முறத்தில் முருங்கைக்கீரையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சும்மாத்தானே உட்கார்ந்திருக்கே, இதைக் கொஞ்சம் உருவிக் கொடேன்” என்றார். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. உருவினேன். முருங்கைக்கீரை உருவுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு 31 கணக்குதான் முடிந்தது. ‘இனிமேல் இப்படித் தாமதமானால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்’ என்று பதில் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் அத்தையைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். திரையில் இடது பக்கம் ஆங்கிலக் கணக்கு, வலது பக்கம் நான் எழுதும் தமிழ். அத்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். “ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் உள்ளன” என்று நான் வாசித்துக்கொண்டே தட்டினேன். முக்கால் மணி நேரம் பேசாமல் பார்த்தார். “இதுவும் நீ கிளாஸ் எடுக்கிற மாதிரிதான் இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, இன்டர்வெல் எப்ப?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்டர்வெல் என்று ஒன்றை நான் வைத்துக்கொள்ளவே இல்லை. பள்ளியில் மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் சாப்பாடு. வீட்டில் எனக்கு எல்லா நேரமும் வேலை நேரமாக இருந்தது. பார்க்கிறவர்களுக்கோ எல்லா நேரமும் ஓய்வு நேரமாகத் தெரிந்தது. அன்றைக்கே ஒரு தாளில் டைம்டேபிள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். 9.15 முதல் 10.45. கால் மணி நேரம் இன்டர்வெல். 11 முதல் 12.40. சாப்பாடு. 1.30 முதல் 3. சாயங்காலம் 5.30 முதல் 7 டியூஷன். பெரிய எழுத்தில், அத்தை கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி. கீரை இன்றைக்கும் வருகிறது, 10.45-க்கு வருகிறது. இரண்டு பேரும் சேர்ந்து உருவுகிறோம், கால் மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். பார்சல்காரர் வந்தால் அத்தையே வாசலுக்குப் போய், “அவ கிளாஸ்ல இருக்கா” என்று சொல்லிவிடுகிறார்.

உங்கள் மாமியாரையும் ஒருமுறை பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிப் பாருங்கள். வாயால் விளக்கியதைவிட என் வீட்டில் அதுதான் வேலை செய்தது.

கணவரிடம் நேராகப் பேசுங்கள். நான் பள்ளிக்குப் போன காலத்தில் காலைக் காபியும் காய் நறுக்குவதும் என் கணவர் வேலை. நான் நின்ற பிறகு அது எப்போது நின்றது என்றே தெரியவில்லை. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, தானாக என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. மூன்று மாதம் மனதுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு ஒருநாள் சொன்னேன். அவர் உண்மையாகவே கவனித்திருக்கவில்லை. மறுநாள் காலையில் வெண்டைக்காய் நறுக்கியிருந்தது.

இன்னொன்று. ஒன்பது மணிக்குக் குளித்து, வெளியே போகிற உடை உடுத்திவிடுங்கள். புடவையாக இருக்க வேண்டியதில்லை, சுடிதார் போதும். அதைப் பார்த்தாலே வீட்டில் இருப்பவர்களுக்கு நேரம் புரிந்துவிடும்.

நான் தமிழாசிரியை. வீட்டிலிருந்து எனக்கு என்ன வேலை கிடைக்கும்? தட்டச்சு வேலை, மாதம் 30,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 2,500 என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சேரலாமா? (தஞ்சாவூர்)

சேராதீர்கள் டீச்சர். நீங்கள் வேலை செய்தால் அவர்கள்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திரும்பத் தரும் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். என் பழைய ஸ்டாஃப் ரூம் தோழி ஒருவர் இப்படிப் பணம் கட்டினார். நூற்றுக்கணக்கான பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினார். ‘பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்’ என்று மிரட்டினார்கள். பயந்து இன்னும் 8,000 கட்டினார். வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லவில்லை. வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்று தொடங்கி, முதலில் உண்மையாகவே சில நூறு ரூபாய் அனுப்பி, பிறகு பெரிய தொகையைக் கட்ட வைப்பது இன்னொரு வகை. ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணம் வேறு கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கும். தோழிக்கு நான் அன்றைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்மையான வேலைகள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்துவது, வினா வங்கி தயாரிப்பது, விடைக்குறிப்பு எழுதுவது, பாட வீடியோக்களுக்கு வசனம் எழுதுவது. இப்போது பல நிறுவனங்கள் முதலில் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுவிட்டு அதைத் திருத்த ஆள் தேடுகின்றன. அங்கேதான் நாம் வேண்டும். என்னிடம் வந்த ஒரு கணக்கில், ‘முதல் 20 விசித்திரமான எண்களின் கூடுதல் காண்க’ என்று இருந்தது. ஒற்றைப்படை எண்கள் என்று வர வேண்டிய இடம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘odd’ என்ற ஒரே சொல். இன்னொன்றில், சமன்பாட்டின் மூலங்கள் என்பது ‘சமன்பாட்டின் வேர்கள்’ ஆகியிருந்தது. மேலோட்டமாகப் படித்தால் தமிழ் சரியாகத்தான் இருக்கும். வகுப்பில் நின்றவர் கண்ணுக்குத்தான் உடனே உறுத்தும். அதைப் படிக்கப்போகிற பிள்ளையின் முகம் நமக்குத் தெரியும் இல்லையா? அந்தப் பிள்ளைக்காகத்தான் ஒவ்வொரு வரியையும் பார்க்கிறேன்.

இதற்கு முதல் தேவை வேகமாகத் தமிழ் தட்டச்சு. ஆங்கில எழுத்தில் ‘அம்மா’வை ஒலிப்படி தட்டுகிற முறையை விட்டுவிட்டு தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டில் உருவான விசைப்பலகை அது. தமிழ்நாடு அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, புள்ளி தானாக விழுவது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. ம இரண்டாம் முறை வந்ததும் முதல் ம தன் தலையில் புள்ளி வைத்துக்கொள்ளும். ‘பந்து’ என்றால் ப, ந, த, உ. ந-வுக்குப் பின்னால் த வந்தால் அங்கேயும் புள்ளி தானே வரும். இன எழுத்துகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த உங்களுக்கு இது ஒரே நாளில் புரிந்துவிடும். விரல் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது, தினமும் அரை மணி நேரம்.

அரசு உதவி பெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். வேலையை விடுவதற்கு முன் மாலையில் ஆன்லைன் டியூஷன் எடுத்துப் பார்க்கலாமா? (திருநெல்வேலி)

வேண்டாம் சார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. உங்கள் பணி விதிகளிலும் அது இருக்கும். ஆன்லைன் என்பதால் விலக்கு இல்லை. அரசு உதவி பெறும் பள்ளி வேலையை விடுவதா என்பதையே குடும்பத்தோடு உட்கார்ந்து பலமுறை யோசியுங்கள். எங்களைப் போன்ற தனியார் பள்ளிக்காரர்களின் நிலைமை வேறு, உங்களுடையது வேறு.

பிள்ளைகள் சத்தம் இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள்? நான் நின்று நாலு மாதம். பக்கத்துப் பள்ளியில் ப்ரேயர் பாட்டு கேட்டால் தொண்டை அடைக்கிறது. (நாகர்கோவில்)

எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் ஜூன் மாதம் ரொம்பக் கஷ்டம். புது நோட்டு வாசனையும் புது யூனிஃபார்மும் இல்லாத ஜூன் எனக்கு 23 வருடத்தில் அதுதான் முதல் தடவை. இதற்கு மருந்து இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நாள் ஆக ஆகக் குறைகிறது. பிள்ளைகள் வேண்டும் என்று தோன்றினால் சிறிதாக ஒரு டியூஷன் வைத்துக்கொள்ளுங்கள், ஆன்லைன் என்றாலும் சரி.

ஆன்லைனில் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது பிள்ளைகள் கேமராவை அணைத்து வைப்பது. கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்த என்னால் முடியவில்லை. வகுப்பில் மூன்றாம் பெஞ்சுப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் புரிந்ததா இல்லையா என்று தெரியும். திரையில், ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால், ‘எஸ் மிஸ்’ என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். கேமராவைப் போடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஒரே அறையில் அஞ்சு பேர் இருக்கிற வீடாக இருக்கும், காட்ட விருப்பம் இருக்காது. அதற்குப் பதில், கணக்கை முடித்ததும் நோட்டை மட்டும் கேமராவில் காட்டச் சொன்னேன். முகம் வேண்டாம், நோட்டு போதும்.

அதில் எவ்வளவோ தெரிந்தது. ஒரு பெண் கூட்டுத் தொடர்வரிசைக் கணக்கில் விடையைச் சரியாக எழுதியிருந்தாள். ஆனால் பொது வித்தியாசம் எழுதிய இடத்தில் தாளே கிழிகிற அளவுக்கு அழித்திருந்தாள். இரண்டாம் உறுப்பிலிருந்து முதல் உறுப்பைக் கழிக்க வேண்டும். அவள் மாற்றிக் கழித்திருக்கிறாள், குறி தப்பாக வந்திருக்கிறது, பயத்தில் மாற்றியிருக்கிறாள். கழித்தல் குறி வந்தால் அவளுக்குப் பயம். ஏழாம் வகுப்பிலிருந்தே அந்தப் பயம் இருந்திருக்கும். பத்து நாள் அவளுக்கு மட்டும் கால் மணி நேரம் முன்னால் வகுப்பு வைத்தேன், முழுக்கள் மட்டும். நாற்பத்தைந்து பேர் வகுப்பில் அந்த அழித்த இடம் என் கண்ணில் பட்டிருக்குமா என்று தெரியவில்லை. இப்போது என் வகுப்பில் ஒன்பது பேர். அதற்கு மேல் சேர்ப்பதில்லை.

சுவரில் ஒரு சின்னக் கரும்பலகையும் மாட்டியிருக்கிறேன். திரையில் எழுத எத்தனையோ வசதி இருக்கிறது, ஆனால் வடிவியல் வரையும்போது எனக்குச் சாக்பீஸ்தான் கை வருகிறது. போனைப் பலகைக்கு நேராக நிறுத்தி வரைந்து காட்டுகிறேன். வகுப்பு முடிந்து விரலில் அந்த வெள்ளை மாவு இருந்தால் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

மாதாமாதம் ஒரே வருமானம் வருமா? வரி எப்படி? (ஈரோடு)

வராது. என் முதல் மாத வருமானம் 6,200 ரூபாய். பள்ளிச் சம்பளத்தைத் தொட எனக்கு ஒன்றேகால் வருடம் ஆனது. பாட வேலை ஜனவரியிலிருந்து மே வரை குவியும், ஜூலை ஆகஸ்டில் காய்ந்துவிடும். பில் அனுப்பி 45 நாள் கழித்துப் பணம் வருவதும் உண்டு. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு வைக்காமல் வேலையை விடாதீர்கள். பி.எஃப். பணத்தை அதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவும் வேண்டாம். அது வயதான காலத்துக்கு.

பெரும்பாலான நிறுவனங்கள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரி இல்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். சம்பளக்காரர்கள் போடுகிற ஐடிஆர்-1 படிவம் இனிமேல் உங்களுக்குப் பொருந்தாது. முதல் வருடம் மட்டுமாவது ஒரு ஆடிட்டரிடம் போங்கள். ஜிஎஸ்டி பதிவுக்குப் பயப்பட வேண்டாம். அது நம்மைப் போன்றவர்களுக்கு வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான்.

லீவு உண்டா? (சேலம்)

நீங்கள் எடுத்தால் உண்டு. வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஸ்ரீரங்கத்தில் அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே தெருவெல்லாம் ஜனம். எனக்கு வேலை கொடுக்கிற பெங்களூரு அலுவலகத்துக்கு அது சாதாரண வேலை நாள். முதல் வருடம் சொல்லத் தயங்கி, வீடு நிறைய உறவுக்காரர்களை வைத்துக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்து பிழை திருத்தினேன். அடுத்த வருடம் டிசம்பர் முதல் வாரமே எழுதிவிட்டேன்: இன்ன தேதி எங்கள் ஊர்த் திருவிழா, இரண்டு நாள் வேலை செய்ய மாட்டேன் என்று. ‘சரி மேடம்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. முன்கூட்டியே சொன்னால் போதும்.

கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள்? (சிதம்பரம்)

பராமரிப்புக்காக மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்கள். முதல் நாள் பேப்பரில் வந்துவிடும். அன்றைக்கு ஊரில் வேறு பகுதியில் இருக்கிற அக்கா வீட்டுக்கு லேப்டாப்போடு போய்விடுகிறேன். சொல்லாமல் போகிற கரண்டுக்கு, வைஃபை ரூட்டருக்கென்றே விற்கிற சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கினேன். கையகலப் பெட்டிதான், என் வீட்டில் மூன்று மணி நேரம் தாங்குகிறது.

ஆறு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்து பார்த்தேன். எனக்குச் சரிப்படவில்லை. திரும்பப் பள்ளிக்கே போக வேண்டும் போல இருக்கிறது. ‘அப்பவே சொன்னேனே’ என்று எல்லோரும் சொல்வார்களே என்று கூச்சமாக இருக்கிறது. (புதுக்கோட்டை)

போங்கள் டீச்சர். கூச்சமே வேண்டாம். உங்களுக்கு வகுப்பறை வேண்டும் என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. நான் நின்ற வருடம் என்னோடு நின்ற இன்னொரு ஆசிரியை அடுத்த ஜூனில் வேறு பள்ளியில் சேர்ந்தார். இப்போது சந்தோஷமாக இருக்கிறார், தொண்டைக்கு ஒரு சின்ன மைக் வாங்கி மாட்டிக்கொள்கிறார்.

பழைய பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. இந்த ஆறு மாதத்தில் நீங்கள் செய்த வேலையை விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஆன்லைனில் வகுப்பு எடுத்தது, வினா வங்கி தயாரித்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்பளம் பேசும்போது அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடிப்பார்களா, மே மாதச் சம்பளம் உண்டா என்ற மூன்றையும் முதல் நாளே கேளுங்கள். அசல் சான்றிதழ் கேட்டால் சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். பள்ளிகள் ஏப்ரலில் ஆள் எடுக்க ஆரம்பித்துவிடும். மார்ச் கடைசிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.